அல்லைப்பிட்டியின் ஓடுகளும் மண் வனையும் கல்வியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குள் செல்பவர்கள் மண்டைதீவுச் சந்தியைக் கடந்ததும் அடையும் ஊர் அல்லைப்பிட்டி. ஒல்லாந்தர் லெய்டன் என்று பெயரிட்ட வேலணைத் தீவின் கிழக்கு ஓரத்தில், பரவைக் கடலை ஒட்டி, பனையும் மணலும் நிறைந்த ஊர் இது. இலங்கையின் தொல்லியலில் இந்தச் சிறு ஊருக்குத் தனி இடம் கிடைக்கக் காரணம் அதன் மணலுக்குள் கிடந்த மட்கல ஓடுகள். தென்னிந்திய, இலங்கைக் கரையோரங்களில் சீனக் கலங்களின் தடயங்களைத் தேடிவந்த ஆய்வாளர் ஜோன் கார்ஸ்வெல் 1977இல் இங்கு ஆய்வு நடத்தினார். கிடைத்தவை சீனாவின் சொங் வமிசக் காலத்துக் கிண்ணங்கள், தட்டங்கள், அகன்ற பாத்திரங்கள், சாடிகள் ஆகியவற்றின் துண்டுகள். அவற்றின் காலம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கமும்.

உடைந்த ஓடு ஆயிரம் ஆண்டுகள் மண்ணில் கெடாமல் கிடக்கும். அதை வனைந்த கையின் அறிவு அப்படிக் கிடப்பதில்லை. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையின் கையைப் பிடித்துப் பழக்காவிட்டால் அது ஐம்பது ஆண்டுகளுக்குள் அற்றுப்போகும். அல்லைப்பிட்டிக்கு வந்த கலங்கள், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வனைந்த கலங்கள், அந்தத் தொழில் கற்பிக்கப்பட்ட முறைகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஓடுகளின் முழு வரலாறும் விளங்கும்.

கறுப்பு சிவப்புக் கலங்கள்

சீனக் கலங்கள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடாநாட்டு மக்கள் சக்கரத்தில் பானை வனைந்து பயன்படுத்தினார்கள். 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சார்பில் விமலா பெக்லியும் பென்னற் பிறொன்சனும் கந்தரோடையில் அகழ்ந்தபோது, அடிமட்டத்திலிருந்தே கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆனைக்கோட்டையில் ஓர் ஈமப் புதைவை வெளிப்படுத்தினார்கள். பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையோடு அங்கும் இதே வகைக் கலங்கள் இருந்தன. பொ. இரகுபதி 1987இல் வெளியிட்ட யாழ்ப்பாணத்தின் தொடக்ககாலக் குடியிருப்புகள் பற்றிய நூல், குடாநாட்டோடு தீவகத்தையும் சேர்த்து ஊர் ஊராக நடந்து திரட்டிய சான்றுகளின் மேல் எழுதப்பட்டது.

கறுப்பு சிவப்புக் கலத்தின் உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. இரு நிறமும் பூசியவை அல்ல. களிமண்ணில் உள்ள இரும்பு, காற்றுப் படும்படி சுட்டால் சிவக்கும், காற்றுப் படாமல் புகைக்குள் சுட்டால் கறுக்கும். கலத்தைக் கவிழ்த்து, வாயை உமியிலோ சாம்பலிலோ புதைத்துச் சுட்டால் உள்ளே காற்று இல்லாமல் கரி படியும், வெளியே செந்நிறம் ஏறும். ஒரே சூட்டில் இரண்டு நிறத்தையும் வரவழைக்கும் இந்த முறை ஆதிச்சநல்லூர் முதல் அனுராதபுரம் வரை பரவியிருந்தது. கடலின் இரு கரைகளிலும் குயவர்கள் ஒரே சூட்டு முறையைக் கையாண்டதற்கு, அந்தக் கரைகளுக்கிடையே ஆட்களும் பழக்கங்களும் சென்று வந்தன என்பதைத் தவிர வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

கந்தரோடையில் கிடைத்த இன்னொரு வகை ரூலெட்டட் கலம். மெல்லிய, வழுவழுப்பான தட்டின் உட்புறத்தில் சிறு கோடுகளும் புள்ளிகளும் வட்டம் வட்டமாக அமைந்திருக்கும். 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மோர்ட்டிமர் வீலர் இதைக் கண்டபோது மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்த பொருள் என்று கருதினார். பிற்கால ஆய்வுகள் இது இந்தியாவிலேயே, பெரும்பாலும் கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியில் உருவானது என்ற முடிவை நோக்கி நகர்ந்தன. வீட்டில் புழங்கும் பானையும் வெளியூரிலிருந்து வந்த உயர்ந்த கலமும் அருகருகே இருக்கும் வழக்கம் குடாநாட்டில் அப்போதே தொடங்கிவிட்டது.

சுண்ணாம்புத் தரையில் களிமண்

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கல் தளத்தின் மேல் அமைந்தவை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே கிடையாது. மாரிக்கு மட்டும் நீர் பாயும் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறு என்று சொல்லத்தக்கது. ஆற்று வண்டல் இல்லாத நிலத்தில் வனைவதற்கேற்ற களி, குளங்களின் அடியிலும் தாழ்ந்த வயல்களிலும்தான் தேங்கும். தீவகத்திலோ மணலும் கல்லுமே மிகுதி.

சுண்ணாம்பு குயவனுக்கு மறைந்திருக்கும் பகை. களியில் கடுகளவு சுண்ணாம்புக்கல் கிடந்தாலும் சூளையில் அது நீறாத சுண்ணாம்பாக மாறிவிடும். சுட்டு எடுக்கும்போது பானை பழுதில்லாமல் தோன்றும். சில நாளில் காற்றின் ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு உறிஞ்சி, நீறிப் பருத்து, பானையின் மேற்பரப்பைச் செதில் செதிலாக உதிர்க்கும். இதைத் தவிர்க்க மண்ணை உலர்த்தி, நொறுக்கி, சலித்து, நீரில் கரைத்து, கசடு அடியில் தங்கியபின் மேலே நிற்கும் களியை எடுக்க வேண்டும். உவர் மண்ணும் தொல்லை தரும். களியில் கலந்த உப்பு, பானை உலரும்போது மேலே ஏறி, சுட்டபின் வெண்படலமாக நிற்கும். கடலுக்கு அருகே வாழ்ந்த குயவர்கள் எந்தக் குளத்து மண் எடுக்கலாம், எது ஆகாது என்பதை மண்ணை நாவில் வைத்தும் விரலிடையே உருட்டியும் அறிந்தார்கள். அந்த அறிவு தந்தையின் பின்னால் மண் எடுக்கப் போன பிள்ளைக்கே கிடைத்தது.

மாந்தையிலிருந்து அல்லைப்பிட்டிக்கு

பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. ஆதம் பாலத்தின் மணல் திட்டுகளைப் பெருங்கப்பல்கள் கடக்க இயலாது. ஆகவே கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த சரக்கு இலங்கையின் வடமேற்குத் துறைகளில் இறங்கிக் கைமாறியது. பல நூற்றாண்டுகள் அந்த இடத்தை வகித்தது மன்னாரை அடுத்த மாந்தை என்னும் மாதோட்டம். 1980 முதல் 1984 வரை கார்ஸ்வெல் தலைமையில் அங்கே நடந்த அகழ்வில் மேற்காசியப் பச்சைநீலப் பூச்சுக் கலங்களும் சீனாவின் தாங் காலக் கலங்களும் ஏராளமாகக் கிடைத்தன. போர் தொடங்கியதால் வேலை பாதியில் நின்றது. மாந்தையின் செழிப்பு 11ஆம் நூற்றாண்டில் மங்கிவிட்டது என்பது அந்த அகழ்வு காட்டிய செய்தி. அல்லைப்பிட்டியின் ஓடுகள் தொடங்குவதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். வணிகம் வடக்கே நகர்ந்து, தீவகத்தின் பெருந்துறையான ஊர்காவற்றுறையையும் அதைச் சூழ்ந்த பரவைக் கடலையும் நாடியது.

கடலின் மறுகரையில் சோழர் ஆட்சி உச்சத்தில் இருந்தது. முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015இலும், இராசேந்திரன் அனுப்பியது 1033இலும், குலோத்துங்கன் காலத்துக் குழு 1077இலும் சீன அரசவையை அடைந்தன. சுமாத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் இருப்பைச் சொல்கிறது. சீனாவில் குவாங்சோ துறைமுகத்தில் 971இல் தொடங்கிய கடல்வணிக அலுவலகம் வெளிநாட்டுச் சரக்குகளுக்கு வரி வாங்கியது. சூ யூ என்ற எழுத்தாளர் 1119இல் முடித்த நூலில் அத்துறைமுகத்துக் கப்பல்களைப் பற்றிப் பதிந்திருக்கிறார்: வணிகர்கள் ஏற்றும் சரக்கில் பெரும்பகுதி மட்கலம், பெரியவற்றுக்குள் சிறியவற்றை அடுக்கி, இடைவெளியே இல்லாமல் நிரப்புவார்கள். அல்லைப்பிட்டிக் கலங்கள் சீனாவை விட்டுக் கிளம்பிய காலமும் அதுவே. வாடைக்காற்றில் தெற்கே இறங்கி, மலாக்கா நீரிணையில் காத்திருந்து, வங்கக் கடலைக் கடந்து வந்த சரக்கு அது.

12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். வெளிநாட்டார் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் கால்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்கால்பங்கு உடையவருக்கும் சேரும். வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் இருபுறமும் பாதிப் பாதி. மரக்கலம் உடைவதற்கென்று தனி விதி வகுக்க வேண்டியிருந்தது என்றால், திட்டுகள் நிறைந்த இந்தக் கடலில் எத்தனை கலங்கள் வந்து போயிருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அல்லைப்பிட்டி அதே தீவின் மறுகோடி.

2018இல் ஷாங்காய் அருங்காட்சியகமும் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் இணைந்து அல்லைப்பிட்டியில் மீண்டும் அகழ்ந்தன. பல நூறு சீன ஓடுகள் வெளிவந்தன. பெரும்பகுதி குவாங்தோங் மாகாணத்துச் சிசுன், சாவ்சோ சூளைகளில் சுட்டவை. காலமும் கார்ஸ்வெல் கணித்ததோடு ஒத்தது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 2017 முதல் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழு இலங்கை ஆய்வாளரோடு சேர்ந்து நடத்திய அகழ்விலும் பல காலத்து வெளிநாட்டுக் கலங்கள் கிடைத்தன. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தமிழகக் கரையோரம் நெடுகச் சேகரித்த சீன ஓடுகளோடு இவற்றை வைத்துப் பார்க்கும்போது, பாக்கு நீரிணையின் இரு கரையும் ஒரே வணிகப் பரப்பாக இயங்கியது தெரிகிறது.

ஓடு சொல்லும் தொழில்

சிசுன் சூளையின் அகன்ற பாத்திரங்களில் இரும்புக் காவியால் வரைந்த பூக்கோலம் இருக்கும். சிலவற்றில் கூரிய கருவியால் கீறிய பூக்கள் இருக்கும். மேலே மெல்லிய சாம்பல்பச்சைப் பூச்சு. உடைந்த விளிம்பைப் பார்த்தால் உடல் சாம்பல் நிறமாக, கல்போல் இறுகி, துளையில்லாமல் தெரியும். விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். யாழ்ப்பாணத்து மண்சட்டியின் உடைவு சிவந்து, மணல் தெரிய, துளைகளோடு இருக்கும். நாவில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

வேறுபாட்டின் காரணம் நெருப்பு. தென்சீனக் குயவர்கள் மலைச்சரிவில் நீண்ட சூளை கட்டினார்கள். கீழ்வாயில் மூட்டிய தீ, சரிவின் இழுப்பால் மேலேறி, பக்கத் துளைகள் வழியே அவ்வப்போது போட்ட விறகால் படிப்படியாக 1200 பாகை செல்சியசைத் தாண்டும். அந்த வெப்பத்தில் மரச்சாம்பலும் களியும் உருகிக் கண்ணாடிப் பூச்சாகிவிடும். கலங்கள் புகையும் சாம்பலும் நேரே படாதவாறு தனித்தனி மண்பெட்டிகளுக்குள் அடுக்கப்பட்டன. இந்தச் சூளைகளில் மண் பிசைபவர், வனைபவர், கீறுபவர், பூச்சிடுபவர், தீ காப்பவர் என்று வேலை பிரிந்திருந்தது. ஒரு தொழிலாளி தன் பகுதியை மட்டும் கற்றால் போதும். ஆயிரக்கணக்கில் ஒரேமாதிரிக் கிண்ணம் கப்பலேறியதற்கு இந்தப் பிரிவினையே அடிப்படை.

தமிழ்க் குயவரின் வேலை வேறுவகை. கனமான சக்கரத்தைக் கோலால் சுழற்றி, நடுவில் வைத்த களியை இரு கையாலும் உயர்த்தி, கழுத்தையும் வாயையும் முதலில் முடிப்பார்கள். பானையின் அடி அப்போது மூடியிராது. நூலால் அறுத்து எடுத்து, சற்று உலரவிட்டு, உள்ளே வழுவழுப்பான கல்லைத் தாங்கிக்கொண்டு வெளியே மரத் தட்டுப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி உருட்டுவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலியும், மண் இறுகும், உருண்டை அடி அமையும். மூன்று கல் அடுப்பில் சாயாமல் உட்காரவும், தீ எல்லாப் பக்கமும் சமமாகப் படவும் உருண்டை அடியே ஏற்றது. கலந்த மணல், அடுப்புச் சூட்டில் பானை வெடிக்காமல் காக்கும். தென்னை மட்டை, வைக்கோல், பனைக் கழிவு எல்லாம் அடுக்கி மேலே சேறு பூசிய சூளையில் 700 முதல் 850 பாகை வரை வெப்பம் எழும். அதனால் பானை துளையுள்ளதாகவே இருக்கும். அந்தத் துளைகள் வழியே கசிந்து ஆவியாகும் நீர்தான் தண்ணீர்ப்பானையைக் குளிர வைப்பது.

அல்லைப்பிட்டியில் வந்திறங்கிய சாடி எண்ணெயும் திரவமும் கசியாமல் காக்கும். ஆனால் அடுப்பில் வைத்தால் வெடிக்கும். ஊர்ப்பானை அடுப்பைத் தாங்கும், நீரைக் குளிர்விக்கும். நெடுநாள் எண்ணெய் வைத்தால் கசியும். வெளிநாட்டுக் கலம் எத்தனை வந்தாலும் உள்ளூர்க் குயவருக்கு வேலை குறையாததன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்து வீட்டில் மண்பாண்டம்

குடாநாட்டு வாழ்வில் பிறப்பு முதல் இறப்பு வரை மண்பாண்டம் உடன் வந்தது. அரிசியிலிருந்து கல் பிரிக்க உட்புறம் வரியிட்ட அரிக்கன் சட்டி. மீன் குழம்புக்கு அகன்ற சட்டி. ஒடியல் கூழ் காய்ச்சப் பெரிய பானை. பனையில் கட்ட முட்டி. கள்ளுக்குக் கட்டும் முட்டி வெறுமையாக இருக்கும். கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குவது வழக்கம். கோயிலில் கும்பம், கல்யாண வீட்டில் முளைப்பாலிகைக்கு மண்சட்டி, கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி, சுடலையில் உடைக்கக் கொள்ளிக்குடம் என்று சடங்குகளுக்கும் குயவர் இல்லாமல் முடியாது. பெரியபுராணத்தின் அறுபத்து மூவரில் ஒருவரான திருநீலகண்டர் சிதம்பரத்துக் குயவர். ஓடு வனைந்து அடியாருக்குக் கொடுத்ததே அவருடைய தொண்டு.

தொழில் குடும்பத்துக்குள் சுழன்றது. பிள்ளைகள் மண் மிதிப்பதில் தொடங்கி, சிறு விளக்கும் விளையாட்டுச் சட்டியும் செய்து பழகி, பின்னர் சக்கரத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் மண் பக்குவப்படுத்துவது, தட்டுவது, காயவைப்பது, சந்தைக்குக் கொண்டுபோவது ஆகிய பாரத்தைச் சுமந்தாலும் பல இடங்களில் சக்கரத்தைத் தொட அனுமதிக்கப்படவில்லை. சாதியின் கட்டு, தொழிலைக் காத்தது; அதே கட்டு மற்றவரை அதன் அருகே விடாமலும், அந்தத் தொழிலுக்கு உரிய மதிப்பைக் கொடுக்காமலும் தடுத்தது.

20ஆம் நூற்றாண்டில் அலுமினியமும் எவர்சில்வரும் அடுக்களையைப் பிடித்தன; பிளாஸ்டிக் முட்டியின் இடத்துக்கு வந்தது. தொழில் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் போர் வந்தது. 1990இலும் 2006இலும் அல்லைப்பிட்டி மக்கள் கொலைகளையும் இடப்பெயர்வையும் கண்டார்கள். இடம்பெயர்ந்த குடும்பம் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. சக்கரத்தையும் சூளையையும் விட்டுவிட்டே போக வேண்டும். மண் எடுத்த குளத்தோடு இருந்த பழக்கமும் அறுந்துபோகும். திரும்பி வந்து கைத்தொழிலைத் தொடங்குவது வீடு கட்டுவதைவிட நெடிய வேலை.

குடும்பத்திலிருந்து பட்டறைக்கு

பிறப்பால் வந்த தொழிலை யாரும் கற்கும் பாடமாக மாற்றும் முயற்சி தமிழ்நாட்டில் 1850இல் தொடங்கியது. மருத்துவரான அலெக்சாந்தர் ஹண்டர் அந்த ஆண்டு சென்னையில் கலைப் பள்ளியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு தொழிற் பள்ளியையும் சேர்த்தார். சென்னை மாகாணத்தின் களிமண் வகைகளைச் சோதித்து, மட்கலமும் ஓடும் சுடுமண் அலங்கார வேலையும் அங்கே செய்யப்பட்டன. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று அறியப்படுவது அதன் தொடர்ச்சி.

இன்னொரு பெரிய திருப்பம் 1971இல் புதுச்சேரியில் நிகழ்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையை நிறுவினார்கள். சவுக்கு விறகில் உயர்வெப்பத்தில் சுடும் கற்கலம் அதுவரை தமிழ்க் குயவர் கைக்குப் பழகாத ஒன்று. உள்ளூர்த் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்துகொண்டே கற்றார்கள். பின்னர் அவர்களில் பலர் சுற்றுவட்டாரத்தில் சொந்தப் பட்டறை போட்டார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த மாணவர்கள், பெண்கள் பலர் உட்பட, இங்கே பயின்று பெயர் பெற்ற மட்கலக் கலைஞர்களானார்கள். அல்லைப்பிட்டிக்குச் சரக்காக வந்த உயர்வெப்பத் தொழில்நுட்பம், தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து, கற்பிக்கும் ஆசிரியர் வழியாகத்தான் தமிழ்க் கரையில் வேரூன்றியது. சரக்கு வந்தபோது தொழில் கூடவே வரவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வந்தபோதே வந்தது.

1980களின் நடுவிலிருந்து மீக்கர் பச்சை மண்கல்லால் வில்வளைவு வீடுகள் கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாகச் சில நாட்கள் எரித்துச் சுட்டெடுத்தார். கொத்தரும் குயவரும் கூலியாட்களும் ஒன்றுகூடாமல் அத்தகைய வேலை நடவாது.

ஊர் கூடிச் செய்யும் மண்வேலை

மண்வேலையை ஊர்ப் பொதுவாகச் செய்யும் மரபு தமிழருக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஐயனாருக்குச் சுடுமண் குதிரை எடுக்கும் புரவி எடுப்பு நடக்கிறது. விழா நிச்சயமானதும் ஊரார் கோயில் நிலத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தால் வேலை ஒப்படைத்ததாகப் பொருள். வேளார் அந்த மண்ணைத் தன் களியோடு கலந்து, கால், உடல், தலை எனப் பகுதி பகுதியாக உருட்டித் தட்டி ஆளுயரக் குதிரை செய்வார். குறித்த நாளில் ஊரே திரண்டு அதைச் சுமந்து கோயிலுக்குக் கொண்டுசெல்லும். வனைபவர் ஒருவர், செய்விப்பவர் ஊரார். மண்ணும் பணமும் தோளும் எல்லோருடையவை. ஐயனார் வழிபாடு அனலைதீவு முதலான இடங்களில் நிலைத்திருக்கும் தீவக மக்களுக்கு இந்த உறவின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவிலும் பின்னும் பொதுமக்களைச் சேர்த்துச் செய்த கலைவேலைகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனனின் படைப்புகள் முன்னுதாரணம். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில், குடாநாட்டு வீடுகள் கொடுத்த அன்றாடப் பொருட்களைப் போத்தல்களில் இட்டு அவர் காட்சிப்படுத்தினார். 2011இல் வெளிவந்த அவருடைய 'முடிவுறாத் தோம்பு' என்ற நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தாமே வரைந்து கொடுத்தார்கள். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை எடுத்துக்கொண்ட அந்த நூல், பதிவேட்டில் இல்லாததை மக்களின் கையால் பதிந்தது. அடுக்களையின் சட்டியும் முட்டியும் இத்தகைய நினைவுக்கு எளிதாகக் கிடைக்கும் பொருட்கள்.

பயிற்சியின் படிகள்

மட்கலம் கற்பிக்கும் பட்டறை எங்கே நடந்தாலும் சில படிகள் மாறுவதில்லை. முதலாவது மண்ணைத் தேர்தல். குடாநாட்டில் இதுவே பாதிப் பாடம். எடுத்த களியில் ஒரு துளி வினாகிரி விட்டால், சுண்ணாம்பு இருக்குமானால் நுரைத்துக் காட்டும். இரண்டாவது பிசைதல்: களிக்குள் காற்றுக் குமிழி தங்கினால் வனையும்போது கை சறுக்கும், சுவர் சீராக எழாது. மூன்றாவது நடுப்படுத்தல். சுழலும் சக்கரத்தில் களியை அசைவில்லாமல் நிறுத்த, முழங்கையை உடலோடு ஊன்றி, இரு கையும் ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும். எத்தனை முறை வாயால் சொன்னாலும் இது பிடிபடாது. ஆசிரியரின் கை மாணவரின் கைமேல் இருந்து அழுத்தும்போது ஒரு நொடியில் பிடிபடும். அதன்பின் திறத்தல், உயர்த்தல், விளிம்பு ஒழுங்கு செய்தல், அறுத்து எடுத்தல், தட்டி அடி மூடுதல், நிழலில் உலர்த்துதல், சுடுதல். அவசரப்பட்டு உலராத கலத்தைச் சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதைச் சிதறடிக்கும்.

தொல்லியல் மாணவர்களுக்கும் இந்தக் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. அகழ்வில் கிடைக்கும் விளிம்பு ஓட்டினை ஒருமைய வட்டங்கள் வரைந்த தாளின் மேல் கவிழ்த்து, எந்த வட்டத்தோடு அதன் வளைவு பொருந்துகிறதோ அதிலிருந்து முழுக்கலத்தின் வாயகலத்தைக் கணிப்பார்கள். பின் குறுக்குவெட்டை வரைந்து, களி, மணல், பூச்சு, சூடு ஆகியவற்றைக் குறிப்பார்கள். ஓட்டின் உட்புறத்தில் சுருள்கோடு இருந்தால் சக்கரத்தில் வனைந்தது என்றும், உள்ளே கல் தாங்கிய குழிவுகள் இருந்தால் தட்டி உருட்டியது என்றும் அறிவார்கள். ஒருமுறையாவது சக்கரத்தில் உட்கார்ந்தவர் இந்த அடையாளங்களைப் புத்தகம் படித்தவரைவிட விரைவாக இனங்காண்பார். வனைந்து பார்த்து, சுட்டுப் பார்த்து, பழைய ஓட்டோடு ஒப்பிடும் சோதனைத் தொல்லியல் உலகின் பல பல்கலைக்கழகங்களில் பாடமாகிவிட்டது.

அல்லைப்பிட்டியின் ஓடுகள் இத்தகைய கல்விக்கு இருவகையில் உதவக்கூடியவை. கடலோடிகளும் வணிகர்களும் இந்தத் தீவுக்கு வந்த வரலாற்றை ஊர்ப் பிள்ளைகள் தம் மண்ணிலிருந்தே தொட்டுக் கற்கலாம். கற்கலத்தையும் ஊர்ப்பானையையும் அருகருகே வைத்து, மண், நெருப்பு, பயன் ஆகிய மூன்றும் ஒரு கலத்தை எப்படி உருவாக்குகின்றன என்பதையும் அறியலாம். அதற்குத் துணையாக, முட்டியும் அரிக்கன் சட்டியும் வனையத் தெரிந்த மூத்த கைகள் இருக்கும்வரை அவர்களை ஆசிரியராக அமர்த்தி, ஆண் பெண், சாதி வேறுபாடு பாராமல் கற்க விரும்புவோருக்குச் சக்கரத்தைத் திறந்துவிடுவதே முதன்மையான பணி. அருங்காட்சியகம் ஓடுகளைக் காக்கும். தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு பட்டறைக்கும் அதை நடத்தும் ஊருக்கும் உரியது.